செப்புக் காசின் களிம்பு: துலக்குவதா, விட்டுவிடுவதா?

நார்த்மீட், வெஸ்ட்மீட், டூங்காபி, பெண்டில் ஹில் என்று மேற்குச் சிட்னியில் தமிழர் நெருங்கி வாழும் தெருக்களில், அலுமாரித் தட்டின் மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும் வீடுகள் பல உண்டு. உள்ளே காசுகள். அம்மப்பா யாழ்ப்பாணத்தில் சேர்த்துவைத்த ஒல்லாந்தர் காசு, யானை பொறித்த ஆங்கிலேயர் காசு, காளை படுத்திருக்கும் ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசு, கும்பகோணத்துக் கடையில் வாங்கிய ராஜராஜன் காசு, இங்கே வந்தபிறகு கராஜ் விற்பனையில் கிடைத்த அவுஸ்திரேலியப் பென்னிகள். எல்லாம் செம்பு அல்லது செம்பு கலந்த உலோகம். பச்சையும் கறுப்புமாய்ப் படிந்து கிடக்கும். ஒரு நாள் யாராவது டின்னைத் திறப்பார்கள். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: கொஞ்சம் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருமே!

வரும்தான். குத்துவிளக்கும் செம்புக்குடமும் தலைமுறை தலைமுறையாய் அப்படித்தானே துலக்கப்பட்டன. ஆனால் குத்துவிளக்குக்குச் சரியான வைத்தியம் பழங்காசுக்கு விஷம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காசைத் துலக்கும் முறைகளைப் பற்றி நூற்றுமுப்பது ஆண்டுகளாக அருங்காட்சியக வேதியியலாளர்கள் சோதனை செய்து எழுதி வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கும் நம் சமையலறை அறிவுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. சில இடங்களில் இரண்டும் எதிர்பாராமல் கைகோத்தும் நிற்கின்றன.

முதலில், அந்தப் பச்சை என்ன? சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை காட்டுவார்கள். செம்பு உள்ள அன்றே களிம்பும் உடன் உண்டு என்பது அவர்கள் வாதம். வேதியியல் அதை ஒப்பாது. களிம்பு வெளியிலிருந்து வருவது. காற்று, ஈரம், மண், உப்பு ஆகியவை செம்போடு சேர்ந்து கட்டுவது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த காசைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். நடுவில் செம்பு. அதை ஒட்டிச் சிவந்த அடுக்கு. இது குப்ரைட் என்னும் செம்பு ஆக்சைடு. அதற்கு மேல் மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட், சில இடங்களில் அசுரைட் என்னும் நீலம். எல்லாவற்றுக்கும் மேலே மண்ணும் சுண்ணாம்பும் இறுகிய மேலோடு.

இந்த அடுக்குகளில் காசின் முகம் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நடுவிலுள்ள செம்பில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தேய்த்துத் தேய்த்து உலோகத்தைத் தொட்டுவிட்டால் எழுத்து வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கிருந்தே பிறக்கிறது. உண்மை வேறு. அச்சடித்த நாளில் காசின் மேற்பரப்பு எந்த மட்டத்தில் இருந்ததோ, அந்த மட்டம் பெரும்பாலும் சிவந்த அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் இடையிலேயே தங்கிவிடுகிறது. உலோகம் உள்ளே அரிபட்டுக் கீழிறங்கிவிட, எழுத்தின் விளிம்பு களிம்பாக மாறிய நிலையில் அங்கேயே நிற்கிறது. பச்சை முழுவதையும் கரைத்தால் கையில் எஞ்சுவது குழி விழுந்த ஒரு செம்புத் துண்டு. ராஜா போய்விடுவார், எழுத்தும் போய்விடும், பளபளப்பு மட்டும் இருக்கும்.

தமிழ் நாணயவியலுக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. சங்க காலத் தமிழ் அரசர்கள் காசு வெளியிட்டார்களா என்ற கேள்விக்கே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உறுதியான விடை கிடையாது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரைப் பக்கத்திலும் மணலை அரித்துக் காசு எடுப்பவர்களிடமிருந்து கிடைத்த சிறு செப்புத் துண்டுகளை ஆராய்ந்துதான் அந்த விடை வந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட பெருவழுதி காசு அப்படிப்பட்டது. சதுரச் செம்பு, ஒரு பக்கம் குதிரையும் பெருவழுதி என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தும், மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். அவருடைய சங்க கால நாணய நூல் 1997-இல் வந்தது. அந்த எழுத்து காசின் பரப்பிலிருந்து மேலெழுந்து நிற்கும் உயரம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான். அந்தக் காசைக் கண்டெடுத்தவர் ஒரு கிண்ணம் புளிக்கரைசலில் போட்டு இரவு முழுக்க விட்டிருந்தால் ஒரு பாண்டியனின் பெயர் கழுவுநீரோடு போயிருக்கும். அப்படிப் போன பெயர்கள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

இனிப் புளிக்கு வருவோம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது செம்பு ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைக்கும். கரைந்த செம்பைத் தன்னோடு கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதனால்தான் புளி அத்தனை நன்றாகத் துலக்குகிறது. தேசிக்காயிலுள்ள சிட்ரிக் அமிலமும் வினிகரின் அசெட்டிக் அமிலமும் கோலாவின் பாஸ்பாரிக் அமிலமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன, வேகம்தான் வேறு. ஆனால் இவற்றுக்குப் பச்சைக் களிம்பு எது, எழுத்து தாங்கும் சிவந்த அடுக்கு எது என்று பிரித்தறியும் புத்தி கிடையாது. இரண்டையும் தின்னும். இன்னொன்று: சிவந்த ஆக்சைடு அமிலத்தில் கரையும்போது ஒரு பாதி கரைசலுக்குப் போகிறது, மறு பாதி செம்புத் தூளாகக் காசின் மேலேயே படிகிறது. புளியில் ஊறிய காசு ஒரு மாதிரி ரோஸ் நிறத்தில், சாயம் பூசியதுபோல் வெளிவருவதன் காரணம் இதுதான். அந்த நிறத்தைக் கண்டதும் நாணய வியாபாரி காசைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்.

உப்புச் சேர்ப்பதுதான் இதில் பெரும் கேடு. பாத்திரம் துலக்கும்போது உப்பு உராய்பொருளாகவும் வேலை செய்கிறது. அதிலுள்ள குளோரைடு செம்பைக் கரைப்பதையும் விரைவுபடுத்துகிறது. பாத்திரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி துலக்கப்படும், நன்றாகக் கழுவப்படும், அதன் மேற்பரப்பு வழவழப்பானது. காசின் மேற்பரப்போ நுண்துளைகள் நிறைந்தது. உள்ளே புகுந்த குளோரைடு வெளியே வராது. அது உள்ளே இருந்துகொண்டு என்ன செய்கிறது என்பதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள்.

இந்த நோயை நேரில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அழுத்தமான கரும்பச்சையாய் அமைதியாக இருந்த காசில், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வெளிறிய பச்சைப் புள்ளிகள் தோன்றும். தொட்டால் மாவு மாவாய் உதிரும். துடைத்தால் கீழே குழி. சில வாரத்தில் மறுபடி புள்ளி. செம்பை ஒட்டி, களிம்புக்கு அடியில், நான்டோகைட் என்னும் செம்பு குளோரைடு மெழுகுபோல் ஒளிந்திருக்கிறது. ஈரமும் காற்றும் கிடைத்ததும் அது பச்சை மாவாக மாறுகிறது. மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்குகிறது. செம்பு தீரும் வரை இந்தச் சுழற்சி ஓயாது. பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தெலோ 1890-களிலேயே இந்தச் சுழற்சியை விளக்கிவிட்டார். பின்னர் வந்தவர்கள் ஈரப்பதத்தின் எல்லையை அளந்தார்கள். அமெரிக்காவில் கெட்டி நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஸ்காட் 1990-இல் எழுதிய ஆய்வின்படி, காற்றின் ஈரப்பதம் சுமார் 42 முதல் 46 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான்டோகைட் அடங்கிக் கிடக்கும். அதற்கு மேலே போனால் விழித்துக்கொள்ளும். சிட்னியில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேதான்.

ஆகவே காசு துலக்குவதில் கேட்க வேண்டிய கேள்வி, காசு பச்சையாக இருக்கிறதா என்பது அல்ல. அதற்குள் குளோரைடு இருக்கிறதா என்பதே. ஆற்றுமணலில் கிடந்த கரூர்க் காசுக்கு வழவழப்பான கரும்பச்சைத் தோல் கட்டியிருக்கும். அது கவசம், அதைத் தொடவே தேவையில்லை. கடற்கரை மண்ணில் கிடந்த பூம்புகார்க் காசும் பூநகரிக் காசும் வேறு சாதி. உப்பு அவற்றின் எலும்பு வரை ஏறியிருக்கும்.

கடல்காசுக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு சான்று சென்னையோடு தொடர்புள்ளது. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், சென்னைக்குச் செம்புக் காசுகளை ஏற்றிவந்தபோது, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1808 என்று ஆண்டிட்ட 10 காசு, 20 காசு நாணயங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு. ஏறக்குறைய ஐம்பது தொன் காசு ஏற்றியிருந்தார்கள். 1980-களில் அதில் பத்து லட்சம் அளவுக்கு மேலே எடுக்கப்பட்டு உலகமெங்கும் விற்பனைக்குப் போனது. இறுகிய கட்டிகளுக்குள் இருந்தவை அச்சடித்த நாள்போல் எழுத்துத் தெளிவாக இருந்தன. வெளியே நீரோட்டத்தில் கிடந்தவை வழுவழு வில்லைகளாகிவிட்டன. சிட்னி நாணயச் சந்தைகளிலும் இவை இன்றும் மலிவாகக் கிடைக்கும். சென்னைக்குப் போய்ச்சேராத சென்னைக் காசு!

அவற்றை அச்சிட்டவர் பர்மிங்ஹாமில் சோஹோ நாணயச்சாலை நடத்திய மத்தேயு போல்டன். அதே சாலையில் அதே போல்டன் 1797-இல் அச்சிட்ட கனத்த செம்புப் பென்னிகள்தான் 1800-இல் நியூ சவுத் வேல்ஸுக்கு வந்து சேர்ந்தன. அந்த நவம்பரில் ஆளுநர் பிலிப் கிட்லி கிங் வெளியிட்ட பிரகடனம், குடியேற்றத்தில் புழங்கிய காசுகளுக்கெல்லாம் விலை வைத்தது. ஒரு அவுன்ஸ் செம்புக் காசு 2 பென்ஸ், முகமதிப்பின் இரட்டிப்பு. அந்தப் பட்டியலில் சென்னையின் வராகனுக்கும் இடம் இருந்தது: 8 சில்லிங். ரூபாய்க்கு 2 சில்லிங் 6 பென்ஸ். 1813-இல் ஆளுநர் மக்வாரி நடுவில் ஓட்டை போட்டுப் புழங்கவிட்ட ஸ்பானிய வெள்ளி டாலர்கள் 40,000-மும் 1812-இல் சமராங் என்னும் கப்பலில் சென்னையிலிருந்து வந்தவைதான். பாரமட்டாவில் அன்று அரிசி வாங்கியவன் கையில் நம் ஊர்க் காசும் இருந்திருக்கலாம். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. துலக்கலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, மன்னிக்கவும்.

சோதனைகளின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1888-இல் பெர்லின் அரச அருங்காட்சியகங்கள் பிரீட்ரிக் ராத்கன் என்னும் வேதியியலாளரை நியமித்தன. அருங்காட்சியகத்துக்கென்று அமைந்த முதல் வேதியியல் ஆய்வகம் அவருடையது. களிம்பு பிடித்த பொருளைக் காரக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சி, களிம்பைக் கழற்றும் மின்பகுப்பு முறையை அவர் பரப்பினார். இந்தியாவில் அதைக் கையாண்ட இடங்களில் ஒன்று சென்னை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று அது. அதன் பொறுப்பை ஏற்ற எஸ். பரமசிவன், சோழர் வெண்கலங்களின் களிம்பை மின்பகுப்பால் நீக்கி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் நுட்பத்தையும் ஆராய்ந்தவர். நடராஜர் விரலிடுக்கில் வெண்கல நோய் தின்றுகொண்டிருந்த காலத்தில் அது உயிர்காக்கும் அறுவை. கனத்த வெண்கலச் சிலையில் நகைவேலைப்பாடு உலோகத்திலேயே ஆழமாக இருக்கிறது. களிம்பு போனாலும் உருவம் நிற்கும்.

ஒரு கிராம், இரண்டு கிராம் எடையுள்ள காசுக்கு அது பொருந்தாது. வீட்டில் பேட்டரி சார்ஜரையும் சலவைச் சோடாவையும் வைத்து மின்பகுப்புச் செய்பவர்கள் இங்கே நிறையப் பேர். உலோகங்காணி கொண்டு கடற்கரை துழாவுபவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு மணி நேரத்தில் களிம்பு உதிர்ந்து விழும். காசின் முகமும் அதோடு விழும். காசை அலுமினியத் தாளில் சுற்றி ஈரமான சோடாவில் வைக்கும் முறையும் இதன் தம்பிதான், மின்கம்பி மட்டும் இல்லை. பெரிய அருங்காட்சியகங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே செம்புப் பொருளை முழுக்க உரிக்கும் இந்த வழியை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன.

ராத்கனுக்குப் பின் வந்தவர்களில் பெரிய பெயர் ஹரோல்ட் பிளெண்டர்லித். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தை நடத்திய அவர் 1956-இல் எழுதிய பாதுகாப்பு நூல், இரண்டு தலைமுறைக்கு வேதமாக இருந்தது. அதில் அவர் பரிந்துரைத்த கரைசல்களில் ஒன்று காரமாக்கிய ரோஷெல் உப்பு. அது வேறு எதுவுமில்லை, புளியிலுள்ள அதே டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். அமிலமாக இல்லாமல் காரமாக இருப்பதால் அது பச்சைக் களிம்பைக் கரைத்துவிட்டுச் சிவந்த அடுக்கைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. நம் பாட்டிமாரின் கைமருந்து பாதி சரி. தவறு அமிலத்திலும் கறியுப்பிலும்தான்.

குளோரைடை வெளியேற்றும் ஆய்வில் அவுஸ்திரேலியாவின் பங்கு பெரிது. காரணம் ஒல்லாந்தர். ஜாவாவுக்குப் போகும் வழியில் மேற்குக் கரைப் பாறைகளில் மோதி மூழ்கிய அவர்களின் கப்பல்கள், 1629-இல் மூழ்கிய பத்தாவியா, 1656-இல் மூழ்கிய வெர்குல்டே டிராக் ஆகிய இரண்டும், 1963-இல் கண்டுபிடிக்கப்பட்டன. கடலடியிலிருந்து வந்த உலோகத்தைக் காக்க மேற்கு அவுஸ்திரேலிய அருங்காட்சியகம் ஃபிரிமாண்டிலில் ஓர் ஆய்வகமே வளர்த்தது. அங்கே பணியாற்றிய இயன் மக்லியட் வெண்கல நோயின் மின்வேதியியலை 1981-இல் விளக்கினார். குளோரைடை நீக்கும் பழைய வழிகளையும் புதிய வழிகளையும் ஒப்பிட்ட அவருடைய ஆய்வு 1987-இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் நம் பாட்டன் பூட்டன் கையில் புழங்கிய வி.ஓ.சி. முத்திரைச் செப்புக் காசுகளையும் அந்தக் கப்பல்களை அனுப்பிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனிதான் வெளியிட்டது. அந்தக் காசு இந்தக் கண்டத்தின் வடகரைக்கும் வந்திருக்கிறது: 1944-இல் வெஸல் தீவுகளில் காவலிருந்த ஒரு விமானப்படை வீரர் மணலில் கண்டெடுத்த ஒன்பது செப்புக் காசுகளில் நான்கு ஒல்லாந்தருடையவை, ஐந்து ஆபிரிக்காவின் கில்வா சுல்தான்களுடையவை. அவை எப்படி அங்கே போயின என்று இன்றும் சண்டை நடக்கிறது.

மக்லியட் ஒப்பிட்டவற்றில் வீட்டுக்கு ஏற்றது ஒன்றுதான்: சோடியம் செஸ்குவிகார்பனேட். பெயர்தான் பயமுறுத்தும். சலவைச் சோடாவும் அப்பச்சோடாவும் சேர்ந்த கலவை அது. ஒரு லிட்டர் கனிமம் நீக்கிய நீருக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், அப்பச்சோடா 22 கிராம் போட்டால் 5 சதவீதக் கரைசல். இதைவிட நீர்த்ததும் போதும். காசை அதில் இட்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளோரைடு மெல்ல மெல்ல வெளியேறும். வேகம் வேண்டுவோருக்கு இது ஆகாது. அளவுக்கு மேல் நீண்டால் காசின் மேல் நீலப்பச்சையாக ஒரு புதிய கார்பனேட் படியும். அதையும் கவனிக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஆய்வகத்தில் டைதயோனைட் முறை உண்டு. அது காற்றுப்படாத பாத்திரமும் காரச் சோடாவும் கேட்கும். வீட்டில் நினைக்கவே வேண்டாம்.

அதைவிட எளிதான வழி வெறும் நீர். இங்கே பல்பொருள் அங்காடியில் இஸ்திரிப் பெட்டிக்கும் கார் பேட்டரிக்கும் என்று விற்கும் கனிமம் நீக்கிய நீர் மலிவு. குழாய்நீர் உதவாது, அதிலேயே குளோரைடு இருக்கிறது. காசை நூல்வலைப் பையில் கட்டி நீரின் நடுவில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் போதும். மாற்றிய நீரில் குளோரைடு வருகிறதா என்று பார்க்க, அமிலம் சேர்த்த வெள்ளி நைத்திரேற்றுத் துளியை விட்டுப் பார்ப்பார்கள். பால்போல் வெண்மை திரண்டால் இன்னும் இருக்கிறது என்று பொருள். நீர் தெளிவாக நின்றால் காசு ஓரளவு தேறிவிட்டது. பிறகு மண்ணை அகற்றுவது மட்டும்தான் வேலை. இதற்கு மூங்கில் குச்சியும் கூர்மையான மரத்துண்டும் போதும். பாதுகாப்பு வல்லுநர்கள் முள்ளம்பன்றி முள்ளைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். உலோகத்தைவிட மென்மையான எதுவும் சரி. பூதக்கண்ணாடியின் கீழ், ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்ற வேகத்தில். இதைவிட நல்ல முறையை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஒலிவ் எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கம் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் பரவலாக உண்டு. நம்மவரும் நல்லெண்ணெயில் போட்டுப் பார்க்கிறார்கள். எண்ணெய் பழசானால் அதிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகிறது. மண் இளகும் என்பது உண்மை, காசும் மெதுவாகக் கரைகிறது என்பதும் உண்மை. மெருகுப் பசைகளைப் பற்றிச் சொல்வதற்கே ஒன்றுமில்லை; அவை பழங்காசைத் தொடக்கூடாது. சாம்பலும் செங்கல் தூளும் அதே வகை.

சாம்பல் நிறக் காசு கையில் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சங்க காலத்தில் ஈயக் காசும் உண்டு. வினிகர் ஆவியே ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். செம்பு என்று நினைத்து ஊறப்போட்டால் காசின் முகம் அரிபட்டுப் போகும்.

சோதனை செய்து பார்க்கும் ஆசையை நான் தடுக்கவில்லை. அதற்கேற்ற காசு நம்மைச் சுற்றியே கிடக்கிறது. 1911 முதல் 1964 வரை அடித்த அவுஸ்திரேலியப் பென்னிகளில் பிற்காலத்தவை எடைக்கணக்கில் கிடைக்கும். ஒவ்வொன்றும் 9.45 கிராம், பிந்திய ஆண்டுகளுடையவற்றில் செம்பு 97 சதவீதம், மிச்சம் துத்தநாகமும் வெள்ளீயமும். ஒரே ஆண்டுப் பென்னிகள் சிலவற்றை எடுங்கள். நகைத்தராசில், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில், நிறுத்து எழுதிவையுங்கள். ஒன்றைப் புளியில், ஒன்றைப் புளியும் உப்பும் கலந்து, ஒன்றைத் தேசிக்காய்ச் சாற்றில், ஒன்றைக் கோலாவில், ஒன்றைக் கனிமம் நீக்கிய நீரில் ஒரே நேரம் ஊறவிடுங்கள். ஒன்றை எதிலும் இடாதீர்கள். கழுவி உலர்த்தி மறுபடி நிறுங்கள். குறைந்த எடையில் பெரும்பகுதி காசின் உடல். பிறகு எல்லாவற்றையும் ஈரப்பஞ்சு வைத்த ஒரு மூடிய பெட்டியில் சில வாரம் விட்டுப் பாருங்கள். வெளிறிய பச்சை முதலில் பூப்பது உப்புக் கண்ட பென்னியில்தான். பிள்ளைகளின் பாடசாலை அறிவியல் வேலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. பென்னிகளை அள்ளிப் போடுமுன் ஆண்டைப் பாருங்கள். 1930 என்றிருந்தால் ஊறவைக்காமல் ஓர் ஏலக்காரரைத் தேடுங்கள், அவுஸ்திரேலியாவின் மிக அரிய புழக்கக் காசுகளில் அது ஒன்று.

சேகரிப்புச் சந்தையின் நியாயமும் இதே பக்கம்தான். துலக்கிய பென்னி, துலக்காத பென்னியின் விலையில் பெரும்பாலும் ஒரு பங்குக்குத்தான் போகும். தரம் பிரிப்பவர்கள் இயல்பாய் வந்த பழுப்பு நிறத்துக்குப் புள்ளி கொடுக்கிறார்கள், பளபளப்புக்குக் கழிக்கிறார்கள். ஆராய்ச்சியாளரும் வியாபாரியும் ஒரே கருத்தில் நிற்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

நோயைத் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு: பென்சோடிரையசோல். 1967-இல் டென்மார்க்கின் பிரிங்க் மேட்சன் அதை வெண்கலத்துக்குப் பரிந்துரைத்தபோது ஒரு புரட்சி போலவே கொண்டாடினார்கள். செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டி ஈரத்தைத் தடுக்கும். ஆனால் உள்ளே குளோரைடு நிறைய இருந்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. உடல்நலத்துக்கும் நல்லதல்ல. ஆய்வகத்தில் கையுறையும் புகைபோக்கியும் இருப்பவர்கள் பயன்படுத்தட்டும். நமக்கு மெழுகு போதும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனைசான்ஸ் வாக்ஸ் என்னும் நுண்படிக மெழுகை விரல்நுனியளவு எடுத்து, நன்கு உலர்ந்த காசில் மெல்லத் தடவித் துடைத்தால் சரி. வேண்டாமென்றால் பிறகு கரைத்து எடுத்துவிடலாம்.

உண்மையான மருத்துவம் சேமிப்பில்தான் இருக்கிறது. மென்மையாக வளையும் பி.வி.சி. உறைகள் அமில வாயுவை விட்டுக் காசைப் பச்சைப் பசையாக்கும். ஓக் மரப்பெட்டியும் மலிவான அட்டையும் அசெட்டிக் ஆவி விடும். இறுக மூடும் பொலிப்ரோப்பிலீன் சாப்பாட்டுப் பெட்டி, அதனுள் சிலிக்கா ஜெல் பை, ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன அட்டை, இவ்வளவுதான் செலவு. 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் நோயுள்ள காசுகூட ஆண்டுக்கணக்கில் தூங்கும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மறுபடி வைக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: கடலிலிருந்து அப்போதே எடுத்த காசை உலரவே விடக்கூடாது. உப்பை நீக்கி முடிக்கும் வரை அது நீரிலேயே இருக்க வேண்டும்.

ஊறவைத்த நீர் நீலமாகிவிட்டால் அதில் செம்பு கரைந்திருக்கிறது. செம்பு மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சு. நார்த்மீட்டின் தெருவோர மழைநீர் வடிகால்கள் டூங்காபி ஓடைக்கும் டார்லிங் மில்ஸ் ஓடைக்கும் போய் அங்கிருந்து பாரமட்டா ஆற்றில் சேர்கின்றன. வடிகாலில் ஊற்றாதீர்கள், நியூ சவுத் வேல்ஸ் அரசு அவ்வப்போது வைக்கும் வீட்டு இரசாயனச் சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுங்கள். சமையல் பாத்திரமும் இதற்கு வேண்டாம்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940-இலிருந்து அனுமதியின்றி தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட காசையும் தொல்பொருளாகவே பார்க்கிறது. மண்ணில் கண்டெடுத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். பிற நாட்டிலிருந்து சட்டத்துக்கு மாறாக வந்த தொல்பொருளைப் பறிமுதல் செய்து திருப்பியனுப்ப அவுஸ்திரேலியாவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இங்கே நியூ சவுத் வேல்ஸில் பழம்பொருள் தேடி மண்ணைத் தோண்டவும் 1977-ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம் அனுமதி கேட்கிறது. ஊருக்குப் போகும்போது "ஒரு பிடி காசு கொண்டு வாருங்கோ" என்று சொல்லிவிடுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

டின்னில் ஏற்கனவே கிடப்பவற்றுக்கு ஒரு வேண்டுகோள். துலக்குவதற்கு முன் இரு பக்கமும் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள், எடையையும் விட்டத்தையும் குறியுங்கள். அதைவிட முக்கியம், அம்மப்பா அதை எந்த ஊரில், யாருடைய காணியில், எந்தக் கிணறு வெட்டும்போது எடுத்தார் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். சேதுக் காசு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எந்த ஊரில் கிடைத்தது என்று தெரிந்த சேதுக் காசு மிகக் குறைவு. அந்தக் குறிப்பையும் படத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களுக்கோ சென்னை அருங்காட்சியக நாணயப் பிரிவுக்கோ அனுப்பிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு காசை நீரில் போடுங்கள்.